குங்குமம் வைத்த மழைக்கோட்டு

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு மழைக்கோட்டு தொங்குகிறது. கரும்பச்சை நிறம். இரண்டு ஆள் உள்ளே போகலாம் போல அகலம். அதோடு சேர்த்துத் தைத்த தலைமூடியில், வலது காதுப் பக்கம், உற்றுப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் ஒரு கறை தெரியும். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. அப்புறம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாகக் கும்பிடப் போகிறது. கோட்டைப் பார்த்துக் கும்பிடுகிற ஆள் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காது சரியில்லை. சீழ் வடியும், நிற்கும், மறுபடி வடியும். செவிப்பறையில் ஓட்டை. கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. ஸ்கூட்டரில் போகும்போதுதான் தெரிந்தது. புடவை கட்டியவள், பின்னால் ஒருபக்கமாக உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால் வலது காதுதான் என் முதுகுப் பக்கம் இருக்கும். நான் ஏதாவது பேசிக்கொண்டே வருவேன், பதிலே வராது. புதுப் பெண்டாட்டிக்கு என்மேல் கோபம் என்று நினைத்து ஒரு மாதம் பூ வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் அவளே சொன்னாள்.

அன்றிலிருந்து வண்டியில் எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவசியம் பேச வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி, திரும்பி உட்கார்ந்து, பேசி முடித்துவிட்டுக் கிளம்புவோம். இருபது வருடமாக இதுதான் வழக்கம். எனக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவேன். பாதி நேரம் குன்றத்தூர் முருகனிடம் வேண்டுதல். மீதி நேரம் அவனிடமே புகார். பின்னால் இருப்பவளைப் பற்றிய புகாரும் அதில் உண்டு. அவள் காதில்தான் விழாதே!

நாங்கள் இருப்பது முடிச்சூரில். எனக்குக் கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. குழாய், மோட்டார், கரண்ட் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. ஏழரைக்குப் பெண்பிள்ளைகளுக்கு டிபன் போட்டாக வேண்டும் என்பதால் விடியுமுன்பே கிளம்பி வண்டலூர் வழியாகப் போய்விடுவோம். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். அந்நேரத்துக்குச் சரியாக வராது.

பல வருடம் தள்ளிப்போட்டு, கடைசியில் காது ஆபரேஷனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தோம். புரட்டாசியில் தேதி வந்தது. மழைக்காலம் முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். வரிசையை விட்டால் மறுபடி எப்போது வருமோ என்ற பயத்தில் சரி என்று சொல்லிவிட்டோம். சின்ன வயது டாக்டரம்மா. நன்றாக விளக்கினார்.

“காதுக்குப் பின்னாடியிலேர்ந்து மெல்லிசா ஒரு சவ்வு எடுத்து ஓட்டையில ஒட்டு போடறோம். டியூப்ல பஞ்சர் ஒட்டற மாதிரிதான். ஆனா மூணு மாசம் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது. போச்சுன்னா ஒட்டு பிடிக்காது. சீழ் பிடிச்சா இப்ப கொஞ்சநஞ்சம் காது கேக்கறதும் போயிடும்.”

ஒரு சொட்டுத் தண்ணீர். நான் தண்ணீரை அடைக்கிற வேலையே செய்கிறவன். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியும். மயிரிழை இடம் கிடைத்தால் போதும், வந்துவிடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஹாஸ்டலில் ஒரு மாதம் லீவு கொடுத்தார்கள். அதுவே பெரிய மனது. லீவு முடிகிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் போடலாமா, வண்டியில் போகலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டோம். காதை அழுத்தாத பெரிய ஹெல்மெட்டாக இருந்தால் போடலாம், காதில் வாசலின் தடவிய பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும், மழை மட்டும் படவே கூடாது என்றார்.

அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மேற்கில் கடைத்தெருவுக்குப் போனோம். நடைபாதையில் ஓர் அக்கா மழைக்கோட்டுகளை ஆட்டுத்தோல் மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றை உருவி விரித்தார். அதில் இரண்டு தலைக்கு இரண்டு ஓட்டை.

“ஜோடி கோட்டுக்கா இது! முன்னாடி அண்ணன் தலை, பின்னாடி உன் தலை. ஒட்டிக்கினு போலாம். புதுசா கல்யாணம் ஆனவங்கோ இத்தத்தான் கேக்கறாங்கோ.”

“எங்களுக்குப் பழசா கல்யாணம் ஆச்சு. ஆளுக்கு ஒரு தலை போதும்” என்றாள் என் மனைவி.

அடுத்து, போர்வை மாதிரி மேலே போட்டுக்கொள்கிற ஒன்று. பார்க்க வசதிதான். ஆனால் காற்று அடித்தால் கொடி மாதிரி பறக்கும், நுனி சக்கரத்தில் மாட்டும், கீழேயிருந்து தெறிக்கிற தண்ணீர் நேராக உள்ளே ஏறும். வேண்டாம் என்றேன். பேன்ட்டும் சட்டையுமாக இருந்த ஒரு செட்டை எடுத்தார்.

“புடவை மேல பேன்ட்டு எப்படிங்க?” என்று மனைவி தயங்கினாள்.

“தூக்கிச் சொருகிக்கினு போடுக்கா. மீன் மார்க்கெட்டு அக்காங்கோ எல்லாம் அப்பிடித்தான் போட்டுகினு போறாங்கோ. இன்னா வெக்கம்?”

பேன்ட் முக்கியமில்லை, தலைமூடிதான் முக்கியம் என்றேன். ஹெல்மெட்டுக்கு மேலே இழுத்து மூடிக்கொள்கிற அளவுக்குப் பெரிய தலைமூடி வேண்டும். அப்படி மூன்று கோட்டுகள் இருந்தன. சிவப்பு, நீலம், கரும்பச்சை. மூன்றுமே ஒழுகாது என்று அந்த அக்கா தலையிலடித்துச் சத்தியம் செய்தார். நான் ஒரு வாட்டர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. புது பாத்ரூமில் ஓடு ஒட்டுவதற்கு முன்னால் தரையில் தண்ணீர் கட்டி ஒருநாள் விட்டுவிடுவோம். கீழ்வீட்டு சீலிங் நனையாமல் இருந்தால்தான் மேற்கொண்டு வேலை. கோட்டிலும் துணி ஒழுகாது, தையல்தான் ஒழுகும். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய். சிவப்புக் கோட்டின் தலைமூடியைத் தலைகீழாகப் பிடித்து, கிண்ணம் மாதிரி குழித்து, அதில் தண்ணீரை ஊற்றினேன். அடியில் மனைவியின் கைக்குட்டையை விரிக்கச் சொன்னேன். பிறகு ‘முருகா, முருகா’ என்று எண்ண ஆரம்பித்தேன். நூற்றெட்டு வரை நின்றால் வாங்குவது என்று கணக்கு.

“இன்னாணா, கோட்டு கேக்கறியா, குடம் கேக்கறியா? நடுரோட்டுல மந்திரிச்சிகினு நிக்கற!”

“ஆபரேஷன் பண்ணின காதுமா” என்றேன். அந்த அக்கா அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

சிவப்பு, இருபதுக்குள் சொட்டியது. நீலம் அறுபது வரை தாங்கியது. அப்புறம் தையல் ஓரமாக வியர்த்தது. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கரும்பச்சையின் உள்ளே தையல்மேல் பட்டையாக டேப் ஒட்டியிருந்தது. தண்ணீரை ஊற்றினேன். எண்பது தாண்டியதும் கடைக்கார அக்காவும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார். நூற்றெட்டு முடிந்தது. கைக்குட்டை காய்ந்த துணியாக இருந்தது.

“பாத்தியா, சொன்னேன்ல!” என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “போய்ட்டு வாக்கா. உங்காதுக்கு ஒண்ணும் ஆவாது. இந்தாளு வுடமாட்டான்.”

அளவு மட்டும் ஆண்களுக்கான பெரிய அளவு. வீட்டுக்கு வந்து, என் பழைய பெரிய ஹெல்மெட்டை மாட்டி, அதன்மேல் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். “நிலாவுக்குப் போற ஆள் மாதிரி இருக்கேன்” என்று அவளுக்கே சிரிப்பு.

இனிமேல்தான் என் முட்டாள்தனம்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப்பொருளும் சாமி முன்னால் வைக்காமல் உபயோகத்துக்கு வராது. புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தடவுவோம். மிக்ஸி, டிரில்லிங் மெஷின் மாதிரி சாமான் என்றால் சந்தனம் குங்குமம் வைப்போம். மழைக்கோட்டு துணியா, சாமானா என்று எனக்குச் சந்தேகம். இரண்டாகவும் வைத்துக்கொள்வோம் என்று முதலில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். ஒட்டாமல் உருண்டு ஓடியது. தண்ணீர் ஒட்டாத கோட்டு என்று உள்ளூர சந்தோஷம். பிறகு சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, தலைமூடியின் நெற்றியில் ஒன்று, இரண்டு காதுப் பக்கமும் ஒவ்வொன்று என்று வைத்து, அதன்மேல் குன்றத்தூர்க் கோயில் குங்குமத்தை அப்பினேன். வலது காதுப் பொட்டு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிது. முருகன் அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும் என்றுதான்.

“போதுங்க. கோட்டுக்குப் பொட்டு வைக்கறீங்களா, அம்மனுக்கு அலங்காரம் பண்றீங்களா?” என்றாள்.

முதல் இரண்டு நாள் மழை இல்லை. பொட்டு காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. மூன்றாம் நாள், வண்டலூர் தாண்டும்போது ஊற்றியது பாருங்கள், கண்ணாடி போட்ட ஹெல்மெட்டுக்குள்ளும் கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்டிகை பக்கம் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். பஞ்சு சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று அவள் தலைமூடியைப் பின்னால் தள்ளி, ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

வலது காதுக்குக் கீழே, கழுத்தோரமாக, சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ரவிக்கைத் தோளில் திட்டாகப் பரவியிருந்தது. அவள் விரல் நுனியெல்லாம் சிவப்பு.



“காது வலிக்குதா?” என்றேன்.

“இல்லையே.”

“ஒண்ணுமே தெரியலையா?”

“என்ன தெரியணும்? ஏன் இப்படி முழிக்கறீங்க?”

அதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். “சார், அக்காக்கு ரத்தம் வருது சார். இன்னா பாத்துகினு நிக்கற? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ!”

அவள் முகம் வெளுத்துப்போனது. கை காதுக்குப் போயிற்று. “தொடாதே!” என்று கத்தினேன். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. கடையில் ஒரே ஒரு பல்பு. அந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் ரத்தமாகத்தான் தெரிந்தது. ஹெல்மெட் அழுத்த வேண்டாம் என்று அதை அவள் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, தலைமூடியை மட்டும் தளர்வாகப் போட்டு, வண்டியைத் திருப்பினேன். அதற்குள் மழையும் தூறலாகிவிட்டது.

வழியெல்லாம் முருகனிடம் பேரம். அவளுக்குக் கேட்காமல் போனாலும் பரவாயில்லை, வலி இல்லாமல் இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம். இல்லை, கேட்கவும் வேண்டும் என்று அடுத்த நிமிஷம். மொட்டை போடுகிறேன், வெறுங்காலோடு மலையேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பின்னால் அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எத்தனை வருடமாகத் தள்ளிப்போட்ட ஆபரேஷன். அதற்கு முதல்நாள் அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பின்னாடி உக்காந்துகிட்டு வரும்போது நீங்க ஏதோ பேசறீங்கன்னு முதுகு அசையறதுல தெரியும். என்ன பேசறீங்கன்னுதான் தெரியாது.” அது ஞாபகம் வந்து எனக்கு ரோடே தெரியவில்லை. மழைத்தண்ணீரா கண்ணீரா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வருகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வந்ததும் எங்களைப் பார்த்து, முதலில் எங்களைத்தான் உள்ளே கூப்பிட்டார். கழுத்திலிருந்த சிவப்பைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சைப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார்.

“சார், நீங்களே மோந்து பாருங்க.”

சந்தன வாசனை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனைவிக்கும் விளங்கிவிட்டது. அவள் கோட்டின் தலைமூடியை விரித்துப் பார்த்தாள். மூன்று பொட்டில் ஒன்றுகூட இல்லை. பெரிய பொட்டு இருந்த இடத்தில் சிவப்புச் சாயம் மட்டும். அவள் தலைமூடியைப் பின்னால் தள்ளியபோது அத்தனை சிவப்பும் கழுத்தில் வழிந்திருக்கிறது. டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நர்ஸம்மா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

“டாக்டர், நான் அப்பவே சொன்னேன், போதும்னு” என்றாள் மனைவி. அழுகையும் சிரிப்புமாகத்தான் சொன்னாள்.

பிறகு டாக்டரம்மா விளக்கைப் போட்டுக் காதுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். 

“இவ்வளவு மழையில வந்திருக்கீங்க, உள்ள பொட்டு ஈரம் இல்ல. ஒட்டு அழகா பிடிச்சிருக்கு. நல்ல கோட்டா வாங்கியிருக்கீங்க சார்” என்றார். எவ்வளவு கேட்கும் என்பதை மட்டும் மூன்று மாதம் முடிந்து மெஷினில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். குளிக்கும்போதும் மழையிலும் மட்டும் பஞ்சு வைத்தால் போதும், மற்ற நேரத்தில் காற்றாட விடலாம் என்று பஞ்சை எடுத்துவிட்டார்.

வெளியே வந்தபோது வெயில் எட்டிப் பார்த்தது. மத்தியானச் சமையலுக்காவது போய்விடலாம் என்றாள். கிளம்பினோம். இரும்புலியூர் கிட்டே ரோட்டில் தண்ணீர் தேங்கி, லாரியும் பஸ்ஸும் நகராமல் நின்றன. எல்லோரும் வண்டியை அணைத்தார்கள், நானும் அணைத்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, காலையில் அங்கே என்ன டிபன் கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நான் வழக்கம்போல முணுமுணுக்க ஆரம்பித்தேன். “முருகா, காப்பாத்திட்டே. சொன்னது சொன்னதுதான், மொட்டை போட்டுடறேன். இன்னொண்ணு. தினமும் இவ சாம்பாரைப் பத்தி உங்கிட்ட குறை சொல்லிக்கிட்டு வந்தேன்ல, அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே.”

“என் சாம்பாருக்கு என்ன?”

பின்னாலிருந்து வந்தது குரல். நான் திரும்பிப் பார்த்தேன். போன் இன்னும் இடது காதில்தான் இருந்தது. எதிர்முனையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. மெதுவாகப் போனைக் கீழே இறக்கினாள்.

“மறுபடி சொல்லுங்க” என்றாள்.

நான் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அதே குரலில், “புளி கொஞ்சம் ஜாஸ்தி” என்றேன்.

“இருபது வருஷமா ஜாஸ்தியா?”

நான் மறுபடி திரும்பி அவளைப் பார்த்தேன்.  முன்னால் லாரி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். “இன்னா சார், வூடுன்னு நெனச்சிகினியா? வண்டிய எடு!” என்று ஓர் ஆட்டோக்காரர் கத்திவிட்டுப் போனார். அவர் திட்டினதும் எனக்கு அன்றைக்கு ஆசீர்வாதமாகத்தான் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குன்றத்தூர் போனோம். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். வெறுங்காலோடு படியேறி, சாமி பார்த்தோம். அவள் சன்னிதியில் எதுவும் வேண்டவில்லை. அர்ச்சகர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வலது பக்கமாகக் கொஞ்சம் தலையைச் சாய்த்து நின்றாள். கீழே இறங்கி என் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிவிட்டாள். குங்குமம் வைக்கப் போனவள் வானத்தைப் பார்த்துவிட்டு, “வேணாம், இன்னொரு டீக்கடைக்காரர் பயந்துக்கப் போறார்” என்று கையை எடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் தூறல் விழுந்தது. ஓரமாக நிறுத்தி, பஞ்சு வைத்து, பச்சைக் கோட்டை மாட்டி, தலைமூடியை நானே இழுத்துக் கட்டினேன். கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். தூறல் நின்றுவிட்டது. அவள் தலைமூடியைத் தள்ளி, பெரிய ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

“ஏங்க” என்றாள் பின்னாலிருந்து. “ராத்திரிக்கு சாம்பாரா, ரசமா?”

இருபது வருடத்துப் பழக்கம், கை பிரேக்குக்குப் போயிற்று. பிறகு கையை எடுத்துவிட்டு, வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னேன்.